கடற்கரைப் படங்களும் கருப்பொருளும்

கடற்கரை ஊர்களில் உள்ள உறவினர் வீடுகளுக்கு விருந்தாகச் சென்று திரும்புகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஒரு காலத்தில் கருவாடும் தேங்காயும் மூட்டையாக வந்தன. இன்று அவற்றோடு நூற்றுக்கணக்கான படங்களும் கைப்பேசியில் ஏறி வருகின்றன. கதைக்கும் கவிதைக்கும் திறனாய்வு உண்டு, திரைப்படத்துக்கும் உண்டு. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் எடுத்து, உறவினர் அனைவர்க்கும் அனுப்பி, எல்லோரும் ‘மாஷா அல்லாஹ்’ என்று பாராட்டி மறந்துவிடும் இப்படங்களை ஆராய்ந்து பார்க்கலாம் என்று எவர்க்கும் தோன்றுவதில்லை. இன்று நம் சமுதாயத்தில் நூல் படிப்போரினும் படம் பார்ப்போர் பலர். நாம் எதைப் பார்க்கிறோம், எதைப் பாராமல் விடுகிறோம் என்பதை இப்படங்களே தெளிவாகக் காட்டும் நிலை வந்துவிட்டது. ஆகவே அவற்றையும் ஒருமுறை திறனாய்வின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது தவறாகாது.

அண்மையில் நோன்புப் பெருநாள் விடுமுறையில் நம் இளைய சகோதரியை மணம் முடித்துக் கொடுத்த வீட்டிற்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். கோவைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் அமைந்த தொண்டாமுத்தூர் நம் ஊர். அங்குள்ள பிள்ளைகளுக்குக் கடல் காணாப் பொருள். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஈரக் காற்றைக் கொண்டே நாம் கடலை அறிவோம். சகோதரி வாழ்வதோ கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தேங்காய்ப்பட்டணத்தில். குழித்துறைத் தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடம் அது. அரபு வணிகத் தொடர்பை நினைவூட்டும் பழைய பள்ளிவாசலும், தென்னந்தோப்புகளும், ஆர்ப்பரிக்கும் அலைகளும் உடைய ஊர். இவ்வூரையும், ஒரு மாலையில் சென்று வந்த முட்டம் கடற்பாறைகளையும் நம் பிள்ளைகள் படமெடுத்தார்கள். புறப்படும் முன்னிரவில் அவற்றை எண்ணிப் பார்த்தபோது 412 படங்கள் இருந்தன.

படங்கள் அழகானவை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கரும்பாறையில் மோதி வெண்ணுரையாய்ச் சிதறும் அலை. செம்மண் மேட்டின் கீழே நீலக் கடல். பாறை விளிம்பில் முதுகு காட்டி நிற்கும் பிள்ளை. அவனுக்கு அப்பால் கதிரவனின் வீழ்ச்சி. கருவியைக் கையாளும் திறமையில் குறை சொல்ல ஏதுமில்லை. நாமும் நெஞ்சாரப் பாராட்டினோம். ஆனால் அன்றிரவு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அப்படங்களை வீட்டார்க்குக் காட்டிய வேளையில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் நம் பாராட்டைப் பாதியில் நிறுத்தின.

முதலாவது படம், அலையடிக்கும் கரையில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் கருங்கற்களைக் காட்டுவது. மனிதக் கை படாத முரட்டுக் கரை என்பதே அதைப் பார்ப்பவர் மனத்தில் எழும் எண்ணம். எடுத்த பிள்ளையும் அவ்வாறே எண்ணி, “ஆதி காலத்துப் பாறைகள்” என்று பெருமையோடு சொன்னான். நம் சகோதரியின் மாமியார் முதியவர். நாமும் அவரை மாமி என்றே அழைப்போம். அவர் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுசென்று நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இது பாறையில்ல மக்களே, லாரியில வந்த கல்லாக்கும். இதுக்க அடியிலதான் எனக்க வாப்பாக்க வீடு கெடந்தது” என்றார். கடலரிப்பில் முதலில் முற்றமும், அடுத்து கிணறும், இறுதியில் சமையற்கட்டும் போயின என்பதையும், எஞ்சிய வீடுகளைக் காக்கக் குவாரிகளில் உடைத்த கற்களைக் கொண்டுவந்து சுவராகக் கொட்டினார்கள் என்பதையும் அதன்பின் ஒவ்வொன்றாகச் சொன்னார். எவரும் பேசவில்லை. அந்த ஒரு படத்தை அன்று பகலில் மட்டும் நம் பிள்ளைகள் முப்பது பேருக்கு அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாவது படம், மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் எழுந்து நிற்கும் பேரலை. சுவர்போல் நிமிர்ந்து உச்சி உடையும் தருணத்தில் பிடித்த படம் அது. உண்மையிலேயே அரிய படம். நம் மச்சான் அதைக் கண்டதும் முகம் மாறிப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அம்முகத்துவாரத்தில் மணல் திட்டும் அலையும் சேர்ந்து படகுகளைக் கவிழ்ப்பதும், மீனவர்கள் உயிரிழப்பதும், அதைச் சீரமைக்கக் கோரி மக்கள் போராடுவதும் சில ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருக்கும் செய்திகளே. அவற்றை நாமும் படித்திருக்கிறோம். ஆனால் படித்ததையும் பார்த்ததையும் நாம் இணைத்துப் பார்க்கவில்லை. அவ்வூரார்க்கு மரணத்தின் வாயிலாகத் தோன்றும் அலை நமக்குக் கண்காட்சியாகத் தோன்றியிருக்கிறது.

இவ்விரு படங்களிலும் உள்ள குறை என்ன? கருவியில் குறையில்லை; எடுத்தவரின் உள்ளத்திலும் தீமையில்லை. குறையைச் சுட்ட நமக்கு மேனாட்டு அளவுகோல் எதுவும் தேவையில்லை. தமிழ் இலக்கணமே அதற்குரிய சொற்களைத் தந்திருக்கிறது.

தொல்காப்பியம் நிலக் காட்சியை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்குப் பொழுது பகல் சாயும் வேளையாகிய எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். இம்மூன்றும் கூடினால்தான் அது திணை. நிலமும் பொழுதும் மட்டும் இருந்தால் அது வெறும் இடம்.

நம் பிள்ளைகளின் 412 படங்களை இவ்வளவையில் நிறுத்துப் பார்த்தோம். முதற்பொருளுக்குக் குறைவில்லை. கடல் இருந்தது, பெரும்பாலான படங்களில் பொழுதும் தவறாமல் எற்பாடாகவே இருந்தது. இலக்கணம் அறியாமலே நம் பிள்ளைகள் நெய்தலின் பொழுதைக் கண்டுகொண்டது வியப்புக்குரியதே. ஆனால் கருப்பொருளைத் தேடினால் ஒன்பது படங்களே தேறின: கரையேற்றிய ஒரு வள்ளம், காயும் வலை, மீன் கூடை, இரண்டு காகங்கள், ஒரு தேநீர்க் கடை. உரிப்பொருள் ஒன்றிலும் இல்லை. இரங்கலுக்குரிய நிலத்தில் இரங்குவதற்கு ஒருவரும் இல்லை. படத்தில் தென்பட்ட மனிதர் அனைவரும் நம் வீட்டாரே.

நெய்தலின் கருப்பொருள் என்று சொல்லும்போது மனிதரை மட்டும் நாம் கருதவில்லை. முட்டத்துப் பாறைகளையே எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியில் கடலை அணுகும் பகுதி அது. தொண்டாமுத்தூரில் வீட்டு வாசலில் நின்று நாள்தோறும் காணும் அதே மலைத்தொடரின் முடிவையே நம் பிள்ளைகள் அங்கே மிதித்து நின்றார்கள். அதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மணலில் கோடுகோடாய் ஓடும் கருமையைப் படமெடுத்துவிட்டு, “அழுக்கு” என்று அதை அழித்தான் ஒரு பிள்ளை. அது அழுக்கன்று, இல்மனைட் என்னும் கனிமம். அக்கரையின் மணலில் மோனசைட்டும் செந்நிறக் கார்னெட்டும் கலந்துள்ளன. அருகிலுள்ள மணவாளக்குறிச்சியில் அம்மணலைப் பிரித்தெடுக்கும் அரசு நிறுவனம் நெடுங்காலமாக இயங்கி வருகிறது. அம்மணலை அள்ளலாமா, கூடாதா என்பது அக்கரையின் ஊர்களில் வாழ்வுப் போராட்டமாகவே நடந்து வருகிறது. இவ்வளவும் அந்தக் கருங்கோட்டில் இருக்கிறது.

இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். கோவையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் தொண்டாமுத்தூர் வட்டாரத்திற்குப் படமெடுக்க வருவோர் பெருகிவிட்டனர். வெள்ளியங்கிரி மலையில் தவழும் மேகம், பாக்குத் தோப்பின் நிழல், சிறுவாணி அடிவாரத்தின் பசுமை ஆகியவற்றை அவர்கள் எடுத்துச் செல்கிறார்கள். அப்படங்களைக் காணும்போதெல்லாம் நாம் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அந்த மேகத்தின் கீழே இருக்கும் உழவர் இரவில் உறங்குவதில்லை. காட்டு யானைகள் இறங்கி வாழையையும் சோளத்தையும் தென்னங்கன்றையும் அழிக்கின்றன. ஆள் உயிரும் போயிருக்கிறது. பரணில் கண் விழித்துக் காத்தும், அகழி வெட்டியும், மின்வேலி இட்டும் வாழ்கிறார்கள். யானைகளுக்கும் ஒரு நியாயம் உண்டு. அவற்றின் வழித்தடங்களில் மனிதன் ஏறி அமர்ந்துவிட்டான். இந்த வழக்கின் ஒரு வரியும் அவ்விருந்தினரின் படங்களில் இல்லை.

குறிஞ்சிக்குத் தொல்காப்பியர் வகுத்த பொழுது யாமம். அந்நிலத்தின் விலங்குகளுள் யானையும் தொழில்களுள் தினைக் காவலும் வைத்து எண்ணப்படுகின்றன. அந்த இலக்கணம் நம் ஊரில் இன்றும் இரவுதோறும் மெய்ப்படுகிறது. ஆனால் படமெடுக்க வருவோர் காலை ஏழு மணிக்கு வந்து பத்து மணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். யாமத்தில் அங்கே இருப்பதில்லை. மலையடிவாரத்தில் இருந்துகொண்டு அவர்கள்மேல் குறை சொன்ன நாமே கடற்கரைக்குச் சென்றதும் அவர்கள் செய்ததைச் செய்தோம். ஆகவே இக்கட்டுரையில் சுட்டும் குற்றம் முதலில் நம்முடையது. பிள்ளைகள் நம்மிடம் கற்றதையே செய்தார்கள்.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? கடலைப் படமெடுத்த வரலாறு அதற்கு ஓரளவு விடை தரும். பிரான்ஸ் நாட்டின் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1856, 1857 ஆண்டுகளில் எடுத்த கடற்காட்சிகள் உலகப் புகழ் பெற்றவை. அக்காலத்துத் தகடுகளில் கடலும் வானமும் ஒரே வேளையில் தெளிவாகப் பதிவதில்லை. கடல் தெளிந்தால் வானம் வெளுத்துவிடும். ஆகவே அவர் சில படங்களில் கடலை ஒரு தகட்டிலும் மேகத்தை வேறொரு தகட்டிலும் எடுத்து, இரண்டையும் இணைத்து அச்சிட்டார். இன்றைய கைப்பேசியும் கண்ணிமைக்கும் நேரத்தில் பல பதிவுகளை எடுத்துத் தானே ஒன்றாக்கித் தருகிறது. கடற்காட்சிப் படம் தொடக்கத்திலிருந்தே கண்டது கண்டபடி இருந்ததில்லை. மனிதன் விரும்பியபடி கோத்துத் தந்ததே அது.

தமிழ்நாட்டிலோ இப்பார்வையைப் பரப்பியது திரைப்படம். பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981-இலும், ‘கடலோரக் கவிதைகள்’ 1986-இலும் வெளிவந்தன. இரண்டிலும் முட்டத்தின் பாறைகளும் அலைகளும் காதலுக்குப் பின்திரையாயின. அப்படங்களில் ஊர் மக்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பார்த்தவர் நெஞ்சில் தங்கியது பாறைமேல் நிற்கும் இருவரின் உருவம் மட்டுமே. அப்படங்கள் வந்தபோது பிறந்திராத நம் பிள்ளைகளும் அதே பாறையில் அதே கோணத்தில் நிற்கிறார்கள். தாங்கள் கண்டதைப் படமெடுப்பதாக எண்ணுகிறார்கள். எடுப்பதோ முன்னமே எடுத்து வைத்த ஒரு படத்தை.

முஸ்லிம்களாகிய நமக்குப் படம் என்றதும் எழும் வினா, ‘கூடுமா, கூடாதா?’ என்பது. இது பற்றி உலமாக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருந்து வருகிறது; தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் இவ்வினாவோடு நின்றுவிட்டதால், அதன் பின்னே வரவேண்டிய மற்றொரு வினாவை நாம் கேட்காமலே விட்டுவிட்டோம். எடுக்கலாம் என்று கொள்வோமானால், எப்படி எடுப்பது, எந்த அதபுடன் எடுப்பது என்பதே அவ்வினா. பிறர் வீட்டினுள் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லுமாறு திருமறையின் அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. கடற்கரையில் வலை பின்னுகிறவருக்கு அக்கரையே முற்றம். மீன் விற்கும் தாய்க்கு அதுவே கடைவீதி. கால் கழுவ வரும் முதியவருக்கு அதுவே கொல்லைப்புறம். கதவில்லாததால் அது வீடில்லை என்று எண்ணிக் கருவியை உள்ளே நீட்டுகிறோம். ஸலாம் சொல்லி, நாலு வார்த்தை பேசி, கேட்டு எடுக்கும் படத்தில் கருப்பொருள் தானே வந்து சேரும். மனிதரை விலக்கிப் பாறையை மட்டும் எடுப்பது கண்ணியம் என்று சிலர் கருதலாம். பல வேளைகளில் அது கண்ணியமன்று. பேசுவதற்குள்ள கூச்சமும் சோம்பலுமே காரணம்.

நம்மவருள்ளும் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. எகிப்தியப் படை அதிகாரி முகம்மது சாதிக் பே 1861-இல் மதீனாவையும், 1880-இல் மக்காவையும் படமெடுத்தார். மதீனாவின் முதற் புகைப்படங்கள் அவருடையவையே. வழித்தடத்தை அளந்தாய அனுப்பப்பட்ட பொறியாளர் அவர். வழியையும் இடங்களையும் அளந்தும் விவரித்தும் எழுதிவைத்தார். படங்களும் அந்த அறிவோடு சேர்ந்தே நின்றன. பார்ப்பதும் அறிவதும் அவர் கையில் ஒரே செயலாயின.

இனி ஒரு நூலைப் பற்றிச் சொல்லாமல் தேங்காய்ப்பட்டணத்தைப் பற்றிய இக்கட்டுரை முழுமை பெறாது. அவ்வூரில் 1944-இல் பிறந்து 2019-இல் இறையடி சேர்ந்த தோப்பில் முகம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து 1988-இல் நூலாயிற்று. மலையாள வழியில் கல்வி கற்ற அவர், தம் ஊர் மக்களின் பேச்சையே தமிழ் நாவலுக்கு உரிய மொழியாக்கினார். பின்னர் ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவருடைய முதல் நாவலில் தேடினால் அழகிய கடற்காட்சி எளிதில் அகப்படாது. ஊரைத் தன் பிடியில் வைத்திருக்கும் முதலாளி, மக்களின் அறியாமையில் வாழும் தங்ஙள், ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதற்கு எழும் எதிர்ப்பு, அதிகாரத்திற்குப் பணிய மறுக்கும் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது ஆகியோரும் ஆகியனவுமே அதில் நிறைந்துள்ளன. கடல் அவர்களுடைய பேச்சிலும் பசியிலும் வணிகத்திலும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. முதற்பொருளைக் கருவுக்கும் உரிக்கும் உள்ளே கரைத்துவிட்ட எழுத்து அது.

நம் பிள்ளைகள் தேங்காய்ப்பட்டணத்தில் நான்கு நாள் இருந்தார்கள். அந்த நாவலின் பெயரையும் அவர்கள் கேட்டதில்லை. புறப்படுமுன் நாமும் அதைக் கையில் கொடுத்துப் ‘படித்துவிட்டு வா’ என்று சொல்லவில்லை. உறவினர்க்குக் கொடுக்கப் பலகாரம் கட்டிய நாம், பிள்ளைகளின் கண்களுக்கு எதையும் கட்டிக் கொடுக்கவில்லை.

கதையில் முடிவது படத்தில் முடியுமா என்ற ஐயம் எழலாம். முடியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ஆர்கோ தத்தா என்ற செய்திப் படக்கலைஞர் எடுத்த படத்திற்கு, 2004-ஆம் ஆண்டின் சிறந்த படமாக உலகப் பத்திரிகைப் பட விருது கிடைத்தது. மணலில் கைகளை விரித்துக் கவிழ்ந்து கதறும் ஒரு பெண். படத்தின் ஓரத்தில் இறந்த உறவினரின் கை. பாறையையோ அலையையோ கதிரவனையோ அதில் எவரும் தேடமாட்டார்கள். ஆயினும் கடல் செய்தது முழுவதும் அதில் இருக்கிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று பழந்தமிழர் சொன்னதன் பொருளை அப்படம் ஒரே பார்வையில் உணர்த்திவிடுகிறது. ஒருவரின் துயரத்தை உலகின்முன் வைக்க நமக்கு உரிமை உண்டா என்ற கேள்வியும் அதனோடு எழத்தான் செய்கிறது. அக்கேள்வியை எழுப்புவதும் அப்படத்தின் வலிமையே. ஆள் இல்லாத பாறைப் படம் எந்தக் கேள்வியையும் எழுப்புவதில்லை.

மற்றொருவர் எம். பழனி குமார். இராமநாதபுரம் மாவட்டக் கடலில் பாசி எடுக்கும் பெண்களை அவர் படமெடுத்திருக்கிறார். பவளப் பாறைகள் நிறைந்த முரட்டுக் கடல் அது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கும் பெண்களின் கைகளையும் முகங்களையும் அவர் படங்கள் காட்டுகின்றன. அங்கே பாறை வெறும் பார்வைப் பொருளாக நிற்கவில்லை. கையைக் கீறுகிறது, சோறும் தருகிறது. ஒரு மாலைப் பொழுதில் எடுத்துவிட்டுப் போகும் படங்கள் அல்ல அவை. மீண்டும் மீண்டும் சென்று, பழகி, பெயர் அறிந்து எடுத்தவை. 2022-இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்கு வழங்கப்பட்டது பொருத்தமே.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ‘விருந்துக்குச் சென்ற பிள்ளைகளிடம் செய்தியாளரின் பணியை எதிர்பார்க்கலாமா? கடலை முதன்முதலாகக் காணும் உள்ளம் மகிழக் கூடாதா? எங்கும் சோகத்தையே தேட வேண்டுமா?’ என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. படைப்பின் பேரழகைக் கண்டு வியப்பதும் ஒரு வகை வணக்கமே. நாமும் முட்டத்தின் மேட்டில் நின்று சொல்லிழந்தோம். அவ்வியப்பைத் தடுப்பது நம் நோக்கமன்று. ஆனால் திருமறை பல இடங்களில் பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு அழைக்கும்போது, முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கவும் சொல்கிறது. பயணத்தின் பயன் வியப்போடு படிப்பினையும் ஆகும். மேலும், நாம் சென்றது முன்பின் அறியாத ஊருக்கல்ல, உறவினர் வீட்டுக்கு. கல்லுக்கு அடியில் இருந்தது யாரோ ஒருவரின் வீடல்ல. நம் சகோதரி அன்றாடம் ஸலாம் சொல்லி எழுப்பும் மாமியின் பிறந்த வீடு. சுற்றுலா வந்தவர் அறியாமல் போகலாம். உறவு கொண்டாடிச் சென்றவர் அறியாமல் திரும்பினால் அது வேறு குறை.

எதிர்த்திசையிலும் ஒரு குறை உண்டு. அன்றிரவு மாமியிடம், அந்த வீட்டின் படம் ஏதும் உள்ளதா என்று கேட்டோம். அக்காலத்தில் படமெடுப்பதை அவருடைய வாப்பா விரும்பியதில்லை. திருமணங்களில்கூடக் கருவி நுழைந்ததில்லை. ஹஜ்ஜுக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டியிருந்ததால் மட்டும் ஒருமுறை எடுத்துக்கொண்டார். மாமி உள்ளே சென்று, ஒரு துணிப்பையிலிருந்து அச்சிறு படத்தைக் கொண்டுவந்தார். தொப்பியும் வெண்தாடியும் உடைய முகம். பின்னால் கட்டிய வெள்ளைத் துணி ஒரு மூலையில் நழுவியிருந்தது. அந்த மூலையில் சுண்ணாம்பு அடித்த சுவர் விரலகலம் தெரிந்தது. அந்த வீட்டில் இன்று எஞ்சியிருப்பது அவ்வளவே. மாமி முகத்தைக் காட்டவில்லை. சுவரைத்தான் விரல் வைத்துக் காட்டினார்.

அன்று நாம் எண்ணிப் பார்த்தோம். முந்தைய தலைமுறை பேணுதலால் படமே எடுக்காமல் விட்டது. அவர்களுடைய வீடு போனபோது சாட்சியும் போயிற்று. இன்றைய தலைமுறை 412 படங்கள் எடுக்கிறது. அவற்றிலும் அந்த வீடு இல்லை, அதை மூடிய கல்தான் இருக்கிறது. 2004-இல் வந்த பேரலையும், 2017 நவம்பர் 30-இல் வீசிய ஒக்கிப் புயலும், ஆண்டுதோறும் நிகழும் கடலரிப்பும் கன்னியாகுமரி மாவட்டத்துக் கரையூர்களை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. நாளை அவ்வூர்கள் எப்படி இருந்தன என்று தேடுவோர்க்கு நம் பிள்ளைகளின் கைப்பேசிகளே ஆவணக் காப்பகமாகக் கூடும். அங்கே கதிரவன் மறைவு மட்டும் ஆயிரம் இருந்து, ஒரு தெருவும் ஒரு வாசலும் ஒரு கிணறும் இல்லாமற் போனால் அது யாருடைய தவறு?

முன்பெல்லாம் புகைப்பட நிலையத்திலிருந்து படம் வந்ததும் அதைத் திருப்பி, பின்புறத்தில் பெயர், ஊர், தேதி எழுதிவைக்கும் வழக்கம் வீடுகளில் இருந்தது. கைப்பேசிப் படத்திற்குப் பின்புறம் இல்லை. ஆனால் எழுத இடம் உண்டு. தொண்டாமுத்தூர் திரும்பியபின் பிள்ளைகளை அமர்த்தி, மாமியையும் மச்சானையும் தொலைபேசியில் அழைத்து, படங்களை ஒவ்வொன்றாகக் கேட்டோம். இது எந்த இடம், இதன் பெயர் என்ன, இங்கே முன்பு என்ன இருந்தது என்று. இரண்டு வெள்ளிக்கிழமைகள் ஆயின. 412-இல் 37 படங்களுக்கு விவரம் கிடைத்தது, அவற்றை எழுதிவைத்தார்கள். பேரலைப் படத்தை இனி யாருக்கும் அனுப்புவதில்லை என்று எடுத்தவனே முடிவு செய்துகொண்டான். அடுத்த பெருநாளுக்குச் செல்லும்போது முதல் நாள் கருவியை வெளியே எடுக்காமல் மாமியோடு ஊரைச் சுற்றி நடப்பது என்றும் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

வாசக நேயர்களே, உங்கள் வீடுகளிலும் இத்தகைய படங்கள் இருக்கும். கடற்கரையிலோ மலையடிவாரத்திலோ ஆற்றங்கரையிலோ உள்ள உறவினர் வீட்டில் எடுத்தவையாக இருக்கும். ஒருநாள் மாலை அவற்றை அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேளுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள். கருங்கற்களின் படத்தின் கீழே நம் பிள்ளை இப்போது எழுதியிருப்பது இது: ‘பாறை அல்ல. மாமியின் வாப்பா வீடு இருந்த இடம். கிணறு வலப்பக்கம்.’